சாப்பாட்டு அறையில் ஓர் ஆறு

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஏணியால் வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எழுதுகிறவர்கள் கனவு, ஆழ்மனம் என்று எதையாவது அளப்பார்கள். நம்பாதீர்கள். என் வீட்டு மழைநீர்க் குழாயில் இலை அடைத்துக்கொண்டது. பக்கத்துத் தெரு நெவிலிடம் ஏணி வாங்கினேன். திருப்பிக் கொடுக்கப் போனேன். அவ்வளவுதான் என் ஆழ்மனம்.

மதியச் சாப்பாட்டு நேரம். நெவிலும் அவன் மனைவி டோரீனும் முன்னறை சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை முழங்காலில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சாப்பாட்டு அறைக் கதவு திறந்துகிடந்தது. உள்ளே மேசை தெரிய வேண்டிய இடத்தில் ஒரு நாடு இருந்தது. சுவருக்குச் சுவர் மலை, காடு, கல்பாலம், விரல் நுனி உயரத்தில் ஈயச் சிப்பாய்கள், வரிசை வரிசையாக.

"அங்க உட்கார்ந்து சாப்பிடக்கூடாதா?" என்று கேட்டேன்.

டோரீன் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே சொன்னாள். "அங்க சண்டை நடக்குது, கண்ணு. முடிஞ்சதும் சொல்றேன்னு இருபது வருஷமா சொல்லிட்டு இருக்கான்."

நெவில் மென்றுகொண்டிருந்தான். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தேன். அந்தப் பேச்சு என் பின்னாலேயே வீடு வரை வந்துவிட்டது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. இரண்டு பேர் பெயரையும் மாற்றிவிட்டேன். ஏணியை மாற்றவில்லை.

2

மூன்று தொடக்கம் எழுதினேன். அடித்ததையும் காட்டுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மூடுபனி மலைகளின் மேல் மெல்ல இறங்கியபோது, தளபதி தன் குதிரைப்படையை —"

அந்தப் பனி நெவிலின் தேநீர்க் கோப்பையிலிருந்து வந்த ஆவி. ஏமாற்று வேலை. விட்டுவிட்டேன்.

"மனிதன் ஏன் பெரியவற்றைச் சிறியதாகச் செய்துபார்க்கிறான்? ஆதிகாலம் தொட்டே —"

எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தைக் கேள்வியாகப் போட்டுவிட்டால் ஆழமாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.

"டோரீன், போகப் போகிறேன் என்றாள்."

இது நிற்கும். இதை வைத்துக்கொள்வோம்.

3

டோரீன், போகப் போகிறேன் என்றாள். ஆனால் அந்த வார்த்தையில் சொல்லவில்லை. நெவில் அப்போது முரசடிக்கிற ஒரு சிப்பாயின் சட்டைப் பொத்தானுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தான். நாலே நாலு முடி உள்ள தூரிகை. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வேலை செய்ய முடியும்.

"ஈஸ்டருக்கு வின்னி வர்றா."

வின்னி அவளுடைய தங்கை. மேபிள்தார்ப்பில், கடலுக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு.

"வரட்டும்."

"சாப்பாடு போடணும்."

"போடு."

"எங்க போட? அவ முழங்கால்லயா?"

நெவில் தூரிகையைச் சாயத்தில் தொட்டான். பொத்தான் முடியட்டும் என்றிருந்தான்.

"அவ வீட்ல ஒரு ரூம் சும்மா கிடக்குதாம். வந்து இருன்னு கூப்பிடுறா."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் சொல்லல."

மஞ்சள், பொத்தானைத் தாண்டிக் கழுத்து வரை போய்விட்டது.

"நீ என்ன சொன்ன?"

"வேணாம்னு இன்னும் சொல்லல. கார்லதான் வர்றா. என் பெட்டிக்கு இடம் இருக்கும்." பிறகு, கோபமே இல்லாமல், "நான் சண்டைக்கு வரல, நெவில். இந்த வீட்ல ஏற்கெனவே நிறைய நடக்குது. ஒரு மேசையில எதிர்ல உட்கார்ந்து உன் மூஞ்சியப் பாத்துச் சாப்பிட்டு எத்தனை காலமாச்சு தெரியுமா? சோபால எனக்கு உன் காதுதான் தெரியுது" என்றாள்.

[இங்கே அவள் அழுததாக முதலில் எழுதியிருந்தேன். டோரீன் அழுகிறவள் இல்லை. அழுகிறவளாக இருந்திருந்தால் மேசை எப்போதோ காலியாகியிருக்கும்.]

4

வியாழக்கிழமை தோறும் நெவிலோடு அந்தச் சிப்பாய்களை வைத்துப் போர் ஆட்டம் ஆட வருகிறவன் டக்ளஸ். பேருந்துப் பணிமனையில் நெவில் தகரம் தட்டி நிமிர்த்திய காலத்தில் அவன் பக்கத்தில் சாயம் அடித்தவன். பெரிய வயிறு. அந்த வயிற்றால் ஒருமுறை ஒரு படையணியையே தட்டிவிட்டு, "நிலநடுக்கம்னு வெச்சுக்க" என்றவன்.

[டக்ளஸ் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. டோரீன் போனால் நாள் முழுக்க ஆடலாம் என்று உள்ளுக்குள் கணக்குப் போடுகிறவனாக அவனை வைக்கலாமா என்று இரண்டு பக்கம் எழுதினேன். பிறகுதான் நினைவுக்கு வந்தது: அவன் வியாழக்கிழமை வருவதில் பாதி, டோரீன் சுடுகிற இஞ்சிக் கேக்குக்காக. அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.]

"மொத்தமாத் தூக்கி வெளிய வெச்சா என்ன?" என்றான் டக்ளஸ்.

"கதவு வழியாப் போகாது."

"உள்ள எப்படி வந்துச்சு?"

"வரல. உள்ளயே வளந்துச்சு."

டக்ளஸ் நாட்டைச் சுற்றி வந்தான். ஒரு மலையைத் தட்டிப் பார்த்தான். "அப்போ துண்டு போடுடா. அறுத்துத் தூக்கிப் போட்டுட்டு, புதுசா இரண்டடிக்கு இரண்டடி பலகையாச் செய். வியாழக்கிழமை மேசை மேல அடுக்குவோம், ஆடுவோம். ஆட்டம் முடிஞ்சா எடுத்து மாடிப்படிக்குக் கீழ இருக்கிற அலமாரில அடுக்கிடு. ராத்திரி அவ அங்கயே உட்கார்ந்து சூப் குடிக்கட்டும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

நெவில் அன்றே ரம்பத்தை எடுத்தான். மலையை அறுக்கும்போது உள்ளிருந்து பழைய செய்தித்தாள் கசங்கிக் கசங்கி வந்தது. டோரீன் வாசலில் நின்று பார்த்தாள்.

"இது எனக்காகவா, மேசைக்காகவா?" என்று கேட்டாள்.

"ரெண்டுக்கும்தான்."

"நான் ஒண்ணுதான கேட்டேன்?"

ரம்பச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று நான் எழுதுகிறேன். நிஜமாகவே கேட்கவில்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். இந்த ஆளை நானும் நம்பவில்லை.

5

பலகை செய்வதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைவேலை.

ஆறு ஒரு பலகையின் விளிம்பை நட்டநடுவில்தான் கடக்க வேண்டும். எல்லாப் பலகையிலும் அதே நடு, அதே அகலம், அதே ஆழம். பலகைக்குள்ளே அது எப்படி வேண்டுமானாலும் வளையலாம். இரண்டாகப் பிரியலாம், நடுவில் தீவு வைத்துக்கொள்ளலாம், சோம்பிக் குட்டையாகக் கிடக்கலாம். விளிம்புக்கு வரும்போது மட்டும் நடுவுக்கு வந்துவிட வேண்டும். அப்போதுதான் எந்தப் பலகையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் இன்னொன்றோடு சேரும். இந்த வியாழன் ஒரு நாடு, அடுத்த வியாழன் வேறொரு நாடு. ஆறு மட்டும் அறுபடாது.

கல்யாணமும் இப்படித்தான் என்று இங்கே ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். எதைப் பார்த்தாலும் கல்யாணமும் இப்படித்தான் என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

இந்தக் கதையையும் அப்படிப் பலகை பலகையாகச் செய்யலாமா என்று பார்த்தேன். எண் போட்டிருப்பது அதற்குத்தான். ஐந்தை எடுத்து இரண்டுக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. டோரீன் போகிறேன் என்று சொன்ன பிறகு எதையும் அதற்கு முன்னால் திருப்பி வைக்க முடியவில்லை. நெவிலுடைய வேலை என்னுடையதைவிடச் சுத்தம்.

6

(நான் எழுத உட்கார்ந்தது இதை இல்லை. இருக்கட்டும்.)

வீட்டுச் சுவருக்குள் குளிர் புகாமல் அடைக்கிற இளஞ்சிவப்பு நுரைப்பலகைதான் மண்ணுக்கு அடி. அதைக் கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்தான். தூள் பறந்தது. முதல் நாள் சாப்பாட்டு அறையில் மட்டும். மறுநாள் மாடிப்படியில், திரைச்சீலையில், ரொட்டி மேல், டோரீன் புருவத்தில். ஜன்னல் வழியாக வெயில் விழுந்தால் வீடே இளஞ்சிவப்பாக மிதந்தது. அந்த வாரம் யாரும் சத்தமாகப் பேசவில்லை. தூள் எழும்பும் என்பதாலா, வேறு காரணமா, தெரியாது.

பசை தடவி மணல் தூவினான். காய்ந்த மணலுக்குப் பழுப்பு அடித்து, அதன் மேல் வெளிர் நிறத்தை உலர்ந்த தூரிகையால் தொட்டும் தொடாமலும் இழுத்தான். ஒவ்வொரு மணலுக்கும் ஒரு விடியற்காலை வந்தது.

பிறகு புல். அதற்குப் புல் இழைகளை நிரப்பி ஆட்டுகிற ஒரு சல்லடைக் கருவி இருக்கிறது. அதிலிருந்து வரும் கம்பியைப் பசை ஈரத்தில் குத்திவிட்டு ஆட்டினால், மெல்லிய மின்சாரம் பாய்ந்து, விழுகிற இழையெல்லாம் படுக்காமல் நிமிர்ந்து நிற்கும். பலகையைச் சாய்த்துப் பிடிக்க நெவிலுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"டோரீன், ஒரு நிமிஷம்."

"என்ன?"

"இத ஆட்டு."

"கைய சுட்டுக்க மாட்டேனே?"

"மாட்ட. மெதுவா. மாவு சலிக்கிற மாதிரி."

அவள் ஆட்டினாள். புல் இறங்கியது. இறங்கிய இடத்தில் எழுந்து நின்றது. ஒரு வயல், பிறகு ஒரு கரை, பிறகு ஒரு சரிவு. டோரீன் முன்கையில் இருந்த பூனைமுடியும் கூடவே எழுந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"கூசுது" என்றாள். நிறுத்தவில்லை.

முடித்த பிறகு அவள் குனிந்து, நெவில் செய்வானே, அதேபோல முகவாயைப் பலகை விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். சிப்பாய்க்கு எது தெரிகிறது, எது மறைகிறது என்று தெரிய இந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அவள் மூச்சுக்குப் புல் அசைந்தது.

"இந்த ஆறு எங்கருந்து வருது?"

"அந்த விளிம்புலருந்து."

"அதுக்கு முன்னாடி?"

நெவில் யோசித்தான். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. "முன்னாடி இன்னொரு பலகை" என்றான்.

"நல்லாருக்கு" என்றாள் டோரீன். ஆற்றைச் சொன்னாளா, பதிலைச் சொன்னாளா?

அன்று பிற்பகல் சோபாவில் ஒருவருக்குக் கண் அசந்தது. ஒரு கனவு. முழங்கால் உயரப் புல்லில் நடை. காற்றே இல்லை. வானம் வெள்ளை, அதில் நீளமாக ஒரு விரிசல், சாப்பாட்டு அறைக் கூரையில் இருப்பதே. ஆறு பக்கத்திலேயே சத்தமில்லாமல் வந்தது. நிலம் முடிகிற இடத்தில் கால் நின்றது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் பயமும் இல்லை. கொஞ்சம் காத்திருந்தால் போதும் என்று தெரிந்திருந்தது. யாரோ பெரிதாக, மூச்சுவிட்டபடி, அடுத்த நிலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். வைத்த இடத்தில் ஆறு தன் வழியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. நடை தொடர்ந்தது. வெயில் சாயவே இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே கனவு என்று எழுதினால் சிரிப்பீர்கள். அதனால் ஒருவருக்குத்தான் கொடுத்திருக்கிறேன். யாருக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

7

பலகைகள் காய இடம் வேண்டும். படுக்கை மேல் ஒரு மலைச்சரிவு. இஸ்திரி மேசையில் ஒரு கோதுமை வயல். குளியல் தொட்டிக்குக் குறுக்கே பாலம், பாலத்துக்குக் கீழே நிஜமாகவே தண்ணீர் சொட்டியது. டோரீன் துணிக்கூடையோடு பக்கவாட்டில் நடந்து பழகிக்கொண்டாள்.

"இதெல்லாம் அலமாரில போகுமா?"

"நீளம், அகலம் எல்லாம் அளந்துட்டேன். மயிரிழை பிசகாது."

ஈஸ்டருக்கு முந்தின நாள் டக்ளஸ் வந்தான். ஒவ்வொரு பலகையாகத் தொட்டுப் பார்த்து, "அடப்பாவி, அழகா இருக்குடா" என்றான். இரண்டு பேரும் முதல் பலகையை அலமாரிக்குள் தள்ளினார்கள். கச்சிதம். இரண்டாவதை அதன் மேல் வைக்கப் போனார்கள். வைக்க முடியவில்லை. கீழே காடு நின்றது.

டக்ளஸ் ஒரு பைன் மரத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னொன்றை இழுத்தான்.

"மரத்த ஒட்டிட்டியா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"கம்பிய உள்ள எறக்கி, பசை விட்டு."

"ஏன்டா?"

"காத்துல சாயக்கூடாதுன்னு."

டக்ளஸ் மரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "சாப்பாட்டு ரூம்ல என்னடா காத்து?"

இந்த ஆட்டத்துக்கு நேற்று வந்த பொடியனுக்குக்கூடத் தெரியும், துண்டுப் பலகையில் மரத்தை ஒட்டக்கூடாது என்று. மரம் தனி, பெட்டியில் கிடக்கும். ஆட்டத்தன்று நட்டுக்கொள்ள வேண்டியதுதான். நெவிலுக்கும் தெரியும். ஆனால் இருபது வருஷமாக அசையாத நாட்டையே கட்டிய கை. மரத்தைக் கண்டதும் பசையை எடுத்துவிட்டது. பலகைக்குப் பலகை சேரும்படிச் செய்தான், பலகைக்கு மேல் பலகை நிற்குமா என்று பார்க்கவில்லை.

"பிடுங்கிடலாம்" என்றான் டக்ளஸ்.

"மண்ணும் கூட வரும்."

"வரட்டும்."

நெவில் கையைக் காட்டுக்கு மேலே குடைபோல விரித்து வைத்துக்கொண்டான்.

சமையலறையில் டோரீன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

8

ஈஸ்டர் ஞாயிறு. சாப்பாட்டு மேசை காலி. முழுக் காலி. டோரீன் அதன் மேல் வெள்ளை விரிப்பை விரித்தாள்; அது நாலாப்பக்கமும் தழைய விழுந்தது. ஆட்டுத்தொடை, புதினாச் சட்னி, வறுத்த உருளைக்கிழங்கு, பட்டாணி. அவள் ஒரு நிமிஷம் சும்மா நின்று மேசையைப் பார்த்தாள். கூடத்தில் அவளுடைய பெட்டி இருந்தது. பூட்டியிருந்தது.

பலகைகள் மாடியிலும் படியிலும் நாற்காலிகளிலும். நெவில் காலையிலிருந்து ஒவ்வொன்றாக நாற்காலிகளைக் காலிசெய்துகொண்டிருந்தான். வாசல் மணி அடித்தபோது ஒன்று மிச்சம். பைன் காடு. தூக்கிக்கொண்டு ஓட நேரமில்லை. நாற்காலியோடு சேர்த்து மேசைக்கு அடியில் தள்ளி, விரிப்பை இழுத்து மூடினான்.

வின்னி வந்தாள். கோட்டைக் கழற்றும்போதே பேச்சு. "ரோட்ல என்ன கூட்டம்! ஊரே கடலப் பாக்கப் போகுது, நான் மட்டும் எதிர்ல வர்றேன். ஏய் அக்கா, மேசை! நெஜமாவே மேசை! நெவில், படைய எங்க அனுப்பின? லீவா?"

"மாடில இருக்கு" என்றான் நெவில்.

"பெட்டி கட்டிட்டியாக்கா?"

"கட்டிதான் வெச்சிருக்கேன்" என்றாள் டோரீன். "மொதல்ல உட்காரு."

நெவில் வாயைத் திறந்தான். வின்னி அக்காவையே பார்த்துப் பேசிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டிக் கிட்டே இருந்த நாற்காலியை இழுத்து, உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். முறுக்கு நொறுங்குகிற மாதிரி. போதும்.

"ஐயய்யோ" என்று பாதி எழுந்தாள் வின்னி. "எது மேல உட்கார்ந்துட்டேன்?"

டோரீன் கையில் பட்டாணிக் கிண்ணம். அவள் தங்கையைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்க்கவில்லை. நேர் எதிரே, மேசைக்கு அந்தப் பக்கம், நெவிலின் முகத்தைப் பார்த்தாள்.

9

இங்கே நின்றுவிட்டேன். அவன் முகம் என்ன செய்தது என்று எழுத வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது. டோரீன் பெட்டியைத் தூக்குவதும் திறப்பதும் அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவள் பார்ப்பதைப் பொறுத்தது.

முதல் முடிவு: அவன் முகம் செத்துப்போனது. காட்டுக்காக. டோரீன் அதைப் பார்த்தாள், பட்டாணியைப் பரிமாறினாள், எல்லோரும் சாப்பிட்டார்கள், நாலு மணிக்குக் கார் —

நடக்கக்கூடியதுதான். அதனால்தான் பிடிக்கவில்லை.

இரண்டாவது: அவன் சிரித்துவிட்டான். "விடு வின்னி, நிலநடுக்கம்னு வெச்சுக்க" என்றான். டோரீனும் சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கிண்ணத்தைக் கீழே —

இது டக்ளஸின் வாய். கடன் வாங்கிச் சிரிக்கிறவனை டோரீன் நம்பமாட்டாள். நானும்.

மூன்றாவது: அவன் நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. சத்தம் கேட்டதாகவே தெரியவில்லை. வெள்ளை விரிப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற தன் மனைவியை, இப்போதுதான் அறைக்குள் வந்தவளைப் பார்க்கிற மாதிரி —

இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகம் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்குப் பிடிக்கிற முகத்தை ஒருவனுக்கு மாட்டிவிடுவது சுலபம். டோரீனுக்கு அது உதவாது. அவளுக்கு அவனுடைய முகம்தான் வேண்டும்.

எனக்கு அது தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன். இந்தக் காட்சியை எத்தனை தடவை எழுதினாலும் நான் நெவிலுக்குப் பின்னால்தான் நிற்கிறேன். அவன் கழுத்து தெரிகிறது, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் மடிப்பு தெரிகிறது, இரண்டு கையும் விரிப்பின் மேல் இருப்பது தெரிகிறது. சுற்றிப் போய் முன்னால் நிற்கப் பார்த்தேன். எனக்கு வயசான உடம்பு, எதையாவது இடித்துத் தள்ளிவிடுவேனோ என்று திரும்பிவிட்டேன்.

டோரீன் நிற்கிற பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அங்கிருந்து அவன் முகம் நேராகத் தெரியும். நீங்கள் உட்காருங்கள். வின்னி இன்னும் முழுசாக எழுந்திருக்கவில்லை. கறியில் ஆவி போகவில்லை.

பாருங்கள். பார்த்ததை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. பட்டாணிக் கிண்ணத்தை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிடுங்கள். கனமாக இருக்கும், அவள் இன்னும் கண்ணை எடுக்கவில்லை.